ஷெட்டில் மக்காச்சோளம்: கதிராகப் போடுவதா, மணியாகக் கட்டுவதா?

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர், ஆத்தூர், தலைவாசல் வட்டாரம் முழுக்க மானாவாரி மக்காச்சோளம் ஒரே சமயத்தில் முற்றி நிற்கும். புரட்டாசி மழையை நம்பி எல்லாரும் ஒன்றாக விதைத்தால் அறுவடையும் ஒன்றாகத்தானே வரும்? கதிர் ஒடிக்க ஆள் இல்லை, அடிக்க மிஷின் இல்லை, ஏற்ற லாரி இல்லை. விலை மட்டும் தானாக இறங்கிக்கொண்டிருக்கும். இந்த மூன்று நான்கு வாரத்தைக் கடத்திவிட்டால் போதும் என்றுதான் பலரும் டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டைக் காலி செய்கிறார்கள்.

யோசனையில் தப்பில்லை. எப்படிப் போட்டு வைக்கிறோம் என்பதில்தான் காசு போகிறது. தரையில் கதிர்க் குவியல், கம்பம் நட்டுப் பக்கத்துக்கு வலை கட்டிய பட்டறையில் கதிர், மணியாக அம்பாரம் (குவியல்), சாக்கு மூட்டை, காற்றுப்புகாத பை என்று ஷெட்டுக்குள்ளேயே ஐந்து வழி இருக்கிறது. ஷெட்டே வேண்டாம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைக்கலாம் என்பது ஆறாவது. இதில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. மணியில் இன்றைக்கு எத்தனை சதவீதம் ஈரம், எத்தனை நாள் வைக்கப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்தால் ஆறில் நான்கு தானாகக் கழிந்துவிடும்.

ஈரம் பார்ப்பது

மணியின் அடிநுனியில் கருப்பு அடுக்கு விழுந்தால் கதிர் முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஈரம் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். அதன்பிறகு செடியிலேயே காயக் காய இறங்கும். தட்டை வெளுத்து, தோகை காகிதம்போல் சரசரத்த பிறகு ஒடித்தால் 18 முதல் 22க்குள் நிற்கும். ஆள் கிடைத்த அன்றைக்கே ஒடித்தால் 25ம் இருக்கலாம். விற்கும்போது எதிர்பார்க்கப்படுவது 14.

பல்லில் கடித்துப் பார்ப்பது 20க்கும் 14க்கும் வித்தியாசம் காட்டும். 16க்கும் 14க்கும் காட்டாது. வம்பு வருவதோ அந்த இரண்டு சதவீதத்தில்தான். மீட்டர் இருக்கும் இடத்துக்கு மாதிரி கொண்டுபோகிறீர்கள் என்றால், குவியலின் மேலாக ஒரு கை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஐந்தாறு இடத்தில் முழங்கை ஆழம் கையை விட்டு எடுத்து, கலந்து, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துப்போங்கள். களத்து வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் மணியை அப்படியே மீட்டரில் கொட்டினால் அளவு பிசகும். நிழலில் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

மீட்டர் கைக்கு எட்டாதபோது உப்பு சோதனை போதும். சமையல் உப்பை வாணலியில் ஈரம் போக வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, இரண்டு மூன்று கரண்டி உப்பைச் சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்து அடியில் கிடந்தால் 15க்குள் வந்துவிட்டது. 14க்கும் 12க்கும் உள்ள வேறுபாட்டை இது சொல்லாது. ஆனால் அடிக்கலாமா, இன்னும் இரண்டு நாள் காயவிடலாமா என்பதற்கு இது போதும்.

இன்னொன்று. கதிரில் மணியைவிடச் சக்கையில் ஈரம் அதிகம். மணியை உரித்துப் பார்த்தால் 18 காட்டும். நடுச்சக்கை அதைவிடப் பச்சையாக இருக்கும். கதிர்களை நெருக்கிப் போட்டு மூடினால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் மணிதான். நேற்று காய்ந்திருந்த கதிர் இன்று நமத்துப்போவது இதனால்தான். மழை பெய்திருக்க வேண்டியதில்லை.

இடக்கணக்கு

மூன்று ஏக்கர், ஏக்கருக்கு 25 குவிண்டால், ஆக 75 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மணி ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட 49 கன அடி பிடிக்கும். அதே ஒரு டன் மணி கதிரில் இருக்கும்போது அதற்கு இரட்டிப்பு இடம் வேண்டும். ஆக 75 குவிண்டாலுக்கு மணியாக 370 கன அடி, கதிராக 740 கன அடி. 20க்கு 15 அடி ஷெட்டில் கதிரைப் பரப்பினால் மூலை முடுக்கு விடாமல் இரண்டரை அடி உயரம் நிரம்பிவிடும். நடக்க வழி இருக்காது. குவிண்டால் மூட்டையாக ஐந்தடுக்கு அட்டி போட்டால் பத்துக்குப் பத்து அடியில் அடங்கும்.

இடம் மிச்சம் என்பதற்காகத்தான் முக்கால்வாசிப் பேர் ஈரமாகவே அடித்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். மிஷின்காரர் இன்றைக்கு வந்தால் வந்ததுதான் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. 18 சதவீத மணியை பிளாஸ்டிக் சாக்கில் கட்டிச் சுவரோரம் அடுக்குவதைப்போல் மோசமான வழி இந்த ஆறில் எதுவும் இல்லை. கதிராக இருந்தவரை மணிகளுக்கிடையே காற்று புழங்கியது. அடித்ததும் இடைவெளி பாதியானது, மணியின் தோலில் கீறலும் விழுந்தது. 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தில் மிஷினில் விட்டால் மணி நசுங்கும், முனை பிய்யும். அந்தக் காயத்தில்தான் பூசணம் முதலில் ஏறும். 14 முதல் 18க்குள் அடிப்பது நல்லது. ரொம்பக் காய்ந்து 12க்குக் கீழே போனபின் அடித்தால் உடைசல் கூடும்.

காட்டிலேயே அறுத்து அடித்துவிடும் கம்பைன் இயந்திரம் விட்டு அறுக்கிறவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. காட்டிலிருந்து மணியாகவே வந்து இறங்கும். கம்பைனுக்குச் சொல்லிவிட்டோம் என்றால் பட்டறையை மறந்துவிட்டுக் களத்தைத் தயார் செய்ய வேண்டியதுதான்.

தரையில் கதிர்க் குவியல்

செலவே இல்லாத வழி. அதற்கேற்ற ஆயுள்தான் அதற்கு. ஈரம் 20க்குள், ஒரு வாரம் பத்து நாளுக்குள் மிஷின் உறுதி என்றால் தாராளமாகச் செய்யலாம். தோகை உரித்த கதிராக இருக்க வேண்டும்; உயரம் இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது; ஷெட்டின் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

தரையை முதலில் சோதியுங்கள். மூன்றடிக்கு மூன்றடி பாலித்தீன் தாளைச் சிமெண்ட் தரையில் விரித்து, நான்கு விளிம்பையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அந்தத் தரை ஈரம் கக்குகிறது. அதன்மேல் நேராக எதையும் கொட்டக் கூடாது. தார்ப்பாய் விரித்து, அதன்மேல் தட்டையோ மூங்கில் பிளாச்சோ பரப்பி, அப்புறம் கதிரைப் போடலாம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். 740 கன அடிக் கதிரை யார் புரட்டுவது? நடைமுறையில் யாரும் செய்வதில்லை. அதற்குப் பதில் கொட்டும்போதே நான்கடிக்கு ஒரு தென்னை மட்டைக் கட்டையோ வலைக்குழாயோ செங்குத்தாக நட்டுவைத்தால் சூடு வெளியேற வழி கிடைக்கும். புரட்டுவதற்கு ஈடாகாது, ஆனால் சும்மா விடுவதைவிட எவ்வளவோ மேல்.

படைப்புழு நுனி கடித்த கதிர்களை இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். 2018ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அந்தப் புழு இங்கே பரவியதிலிருந்து நுனி அரித்த கதிர்கள் ஏதாவது ஒரு கணக்கில் ஒவ்வொரு காட்டிலும் வருகின்றன. அரித்த இடத்தில் பச்சையோ கருப்போ பூசணம் ஏற்கெனவே பிடித்திருக்கும். ஒடிக்கும்போதே தனிக்கூடையில் போடச் சொல்லிவிட்டால் பிறகு பொறுக்குகிற வேலை இல்லை.

பட்டறையில் கதிர்

ஈரம் 20க்கு மேல், இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டியிருக்கிறது என்றால் இதற்கு மாற்று இல்லை. வைக்கிற இடமே காயவைக்கிற இடமாகவும் இருப்பது இந்த ஒரு முறையில்தான். சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தைத் தவிர, அது அகலம்.

ஈரக் கதிருக்குப் பட்டறை அகலம் இரண்டடிதான். காற்று பக்கவாட்டில் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். நான்கடி அகலத்தில் நடுவில் இருக்கும் கதிருக்குக் காற்றே தெரியாது. ஓரம் மொறமொறவென்று காய்ந்திருக்க, நடுவில் கையை விட்டால் பிசுபிசுக்கும். ஈரம் 20க்குள் வந்துவிட்ட கதிர், காற்று வறண்ட மாசி பங்குனி மாதம் என்றால் மூன்றடி வரை போகலாம். ஏற்கெனவே இருக்கும் வெங்காயப் பட்டறை அகலமாக இருந்தால், நடுவே கம்பி வலையால் ஒரு முழ அகலத்துக்கு நீளவாக்கில் வெற்றிடம் விட்டு இரண்டு பிரிவாக்கிக்கொள்ளலாம்.

இரண்டடி அகலம், ஆறடி உயரம், இருபதடி நீளம் என்றால் ஒரு பட்டறை 240 கன அடி. நம் 75 குவிண்டாலுக்கு இப்படி மூன்று வேண்டும். ஒரு ஓட்ட அடிக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம் இறங்கும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். எனவே சவுக்குக் கம்பமோ தைலமரக் கம்பமோ நாலடிக்கு ஒன்று, தரையில் இரண்டடி ஆழம் புதைத்து நட வேண்டும். பக்கத்துக்குக் கம்பி வலை, மூங்கில் பிளாச்சு, பழைய வேலிக் கம்பி எதுவானாலும் சரி. கதிர் வெளியே நழுவாத இடைவெளி இருந்தால் போதும். மூன்றடி உயரத்தில் இரண்டு பக்கக் கம்பத்தையும் குறுக்கே கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டுங்கள். இதை விட்டவர்களின் பட்டறை இரண்டாம் நாளே வயிறு தள்ளி நிற்கும், மூன்றாம் நாள் வலை பிய்ந்து கதிர் தரையில் கிடக்கும்.

அடித்தளம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு காலிலும் தகரத்தைப் புனல் வடிவில் வளைத்துக் கவிழ்த்து மாட்டினால் எலி ஏறாது. ஆனால் ஷெட் தூணையோ சுவரையோ பட்டறை தொட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஒரு மண்வெட்டி சாத்தி வைத்திருந்தால்கூட, எலி அதன் வழியே ஏறிவிடும். தகரம் மாட்டியதெல்லாம் வீண்.

பட்டறையின் நீளப் பக்கம் காற்று வரும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும். மூன்று பக்கம் சுவர் வைத்த ஷெட்டின் உள்மூலையில் கொண்டுபோய்ப் பட்டறை போடுவதும் தரையில் குவிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஷெட்டின் திறந்த பக்கத்தில், கூரை நீண்டிருக்கும் ஓரத்தில் போடுங்கள். சாரல் அடித்தால் மட்டும் அந்தப் பக்கம் படுதாவை இறக்கி, மழை விட்டதும் தூக்கிவிட வேண்டும். வறண்ட காற்று வீசினால் 25ல் வைத்த கதிர் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

குறை என்ன? கூன்வண்டும் அந்துப்பூச்சியும் காட்டிலேயே கதிரில் ஏறி வந்திருக்கும். வெயில் காலத்தில் கூன்வண்டு முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதத்துக்குச் சற்று மேல் போதும். முதல் தலைமுறை கண்ணில் படாது. இரண்டாவது தலைமுறை வரும்போது பட்டறைக்கு அடியில் வெள்ளை மாவு கொட்டிக் கிடக்கும். ஆகவே பட்டறையில் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்காமல், 15க்கு வந்ததும் அடித்து, களத்தில் ஒருநாள் காயப்போட்டு, மூட்டைக்கு மாற்றிவிடுவது நல்லது.

தோகையோடு கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் விதைக்கு வைத்த நாலு கதிருக்குச் சரி. 75 குவிண்டாலுக்குச் சரிப்படாது. இன்றைய வீரிய ரகங்களில் பலவற்றில் தோகை நுனி வாய் பிளந்தே இருக்கிறது, உள்ளே பூசணம் பிடித்தாலும் வெளியே தெரிவதில்லை.

மணியாக அம்பாரம்

காய்ந்த மணியைத் தரையில் தானாகச் சரியவிட்டால் அது 25 பாகை அளவுச் சரிவில் நிற்கும். 75 குவிண்டால் மணி அப்படி நின்றால் 18 அடி வட்டம், நடுவில் நாலடிக்குச் சற்று மேல் உயரம். அவ்வளவு இடத்தை விட யாருக்கும் மனம் வராது. சுவரோரம் ஒதுக்கித் தள்ளுவார்கள். ஷெட்டுக்கு ஆபத்து அங்கேதான்.

மணி தண்ணீர்போலவே பக்கவாட்டில் தள்ளும். தண்ணீரின் தள்ளுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு உண்டு. நாலடி உயரத்துக்குச் சுவரில் சாய்த்துக் கொட்டினால் ஒவ்வோர் அடி நீளச் சுவரின் மேலும் ஏறக்குறைய 80 கிலோ தள்ளுவிசை. பத்தடிக்கு ஒரு தூண் வைத்துத் தகரம் அடித்த ஷெட்டில் ஒரு தூண் இடைவெளியில் 800 கிலோ. தகர ஷெட் காற்றையும் மழையையும் தாங்கக் கட்டியது. இதைத் தாங்கக் கட்டியதல்ல. நாலரை அங்குலச் செங்கல் சுவரும் அப்படியே. சுவரைத் தொடாமல் கொட்டுங்கள். இடம் இல்லையென்றால் மணி நிரப்பிய மூட்டைகளையே மூன்றடுக்கு வரப்பாகக் கட்டி அதற்குள் கொட்டலாம். அதிலும் இரண்டரை அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

தகரக் கூரையின் இன்னொரு தொல்லை வியர்வை. தை, மாசி ராத்திரிகளில் பனியில் தகரம் குளிர்ந்ததும் அம்பாரத்திலிருந்து கிளம்பும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாக அம்பாரத்தின் உச்சியிலேயே விழும். காலையில் மேலே இரண்டு விரல் கனத்துக்கு அடை தட்டியிருப்பது அதனால்தான். இதைப் பார்த்ததும் பிளாஸ்டிக் படுதாவை இறுக்கி மூடுவார்கள். வியர்வை இப்போது படுதாவின் அடிப்பக்கமே கோத்து நிற்கும். பழைய கோணிச் சாக்குகளையோ பருத்தித் துணியையோ மேலே பரப்புங்கள். சொட்டுவதை அது உறிஞ்சிக்கொள்ளும். பகலில் எடுத்து வெயிலில் போட்டுவிடலாம்.

14க்குள் காய்ந்த மணி இப்படி இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். 16, 18 உள்ள மணிக்கு அம்பாரம் ராத்தங்கல் மட்டுமே. விடிந்ததும் களத்தில் இரண்டு அங்குல கனத்தில் பரப்பி, மணிக்கொருமுறை காலால் வரி இழுத்துவிட வேண்டும். 18ல் இருப்பது நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் 13, 14க்கு வரும். மாலையில் குவிக்கும்போது சூடு ஆறிய பிறகு குவியுங்கள். வெயிலின் சூட்டோடு அள்ளி மூடினால் ராத்திரியெல்லாம் வியர்த்து, பகல் முழுக்கக் காயவைத்ததில் பாதி திரும்பிவிடும். தார்ச்சாலையில் காயப்போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்லும் மண்ணும் ஏறும், டயரில் மணி உடையும், இரவில் பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்.

சாக்கு மூட்டை

14க்குள் காய்ந்துவிட்டது, இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும், ஷெட் கூரை ஒழுகவில்லை: இந்த மூன்றும் இருந்தால் மூட்டைதான். எண்ணலாம், எடை தெரியும், பாதியை விற்று மீதியை வைக்கலாம்.

கோணிச் சாக்கு காற்று விடும், அடுக்கினால் வழுக்காது. ஆனால் நெசவு இடுக்கில் வண்டு ஒளிந்திருக்கும். பழைய சாக்கை வாங்கினால் கொதிநீரில் கால் மணி நேரம் முக்கி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்த பிறகே மணியைப் போட வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு மலிவு, வண்டு தங்க இடம் குறைவு. காற்று அவ்வளவாகப் புகாது, அட்டியும் வழுக்கும். மணி உறுதியாக 13க்குள் என்றால் பிளாஸ்டிக் சாக்கு போதும். 14ஐ ஒட்டி இருந்தால் கோணி.

தரையில் நேராக அடுக்காமல் அரையடி உயரத்துக்கு மரச்சட்டம் போடுங்கள். சுவருக்கும் அட்டிக்கும் இரண்டடி, அட்டிக்கும் கூரைக்கும் மூன்றடி விட வேண்டும். சுவரோர இரண்டடி அதிகமாகத் தெரியும். ஆனால் எலிப்புழுக்கை, மாவு, கறை எல்லாம் முதலில் தெரிவது பின்பக்கம்தான். ஆள் பக்கவாட்டில் நுழைந்து பார்க்க முடியாத அட்டியில் என்ன நடக்கிறதென்று விற்கும் அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்காக என்று பின்னி அடுக்கினால் ஐந்தாறு அடுக்கு சாயாமல் நிற்கும்.

மூட்டையில் கட்டியதோடு ஈரம் நின்றுவிடுவதில்லை. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் அளவில் இருந்தால் மணி 14ல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று 80, 85ஐத் தாண்டும்போது அதே மணி தானாக 15, 16க்கு ஏறிவிடும். தையில் வைத்துச் சித்திரையில் எடுப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. ஆடியில் அறுத்து மழைக்காலத்தைத் தாண்ட நினைக்கும் இறவைக்காரர்கள் சாக்கை நம்பக் கூடாது.

வண்டுக்கு மருந்து என்றால் மணியில் கலப்பது அல்ல. ஷெட்டைக் காலி செய்து கூட்டிய பின், மாலத்தியான் 50 ஈ.சி. மருந்தை லிட்டருக்கு 10 மில்லி கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கணக்கில் சுவரிலும் தரையிலும் தெளித்து, காய்ந்த பிறகு மூட்டையை ஏற்றலாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டை இடுக்கில் செருகுவதை இன்னமும் சிலர் செய்கிறார்கள். திறந்த ஷெட்டில் அந்தப் புகை நிற்காது, வண்டும் சாகாது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் மனிதர்தான் சாவார். காற்றுப்புகாத உறை போட்டு மூடி, அனுமதி பெற்ற ஆட்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

காற்றுப்புகாத பை

கனமான பிளாஸ்டிக் உள்ளுறையும் வெளியே சாக்கும் கொண்ட 50 கிலோ, 100 கிலோ பைகள் இப்போது கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் வண்டும் மணியும் மூச்சுவிட்டே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். வண்டு தின்பதை நிறுத்தி, பிறகு செத்துவிடும். மருந்து வேண்டாம், வெளியீரம் ஏறாது, ஆறு மாதம் தாண்டியும் இருக்கும். மழைக்காலத்தைக் கடக்க வேண்டிய மணிக்கும் வீட்டுத் தேவைக்கு வைத்துக்கொள்ளும் மணிக்கும் இது நல்லது.

நிபந்தனை ஒன்றுதான், அதில் தளர்வு கிடையாது: ஈரம் 13க்குள். 15ல் கட்டினால் பூசணம் வராமல்கூட இருக்கலாம், ஆனால் புளித்த வாடையோடு வெளியே வரும், தீவன ஆலை திருப்பி அனுப்பும். கட்டுவதற்கு முன் வெறும் உறையில் காற்றை நிரப்பி, வாயைப் பிடித்து, அமுக்கிப் பாருங்கள். குண்டூசித் துளை இருந்தாலும் சீறல் கேட்கும். மணி நிரப்பியபின் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, முறுக்கியதை மடக்கி, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். சக்கைத் துண்டு, சருகு கலந்திருந்தால் அதன் முனை குத்தி ஓட்டை விழும். எலி ஒரு கடி கடித்தால் அந்தப் பை சாதாரணச் சாக்காகிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 75 குவிண்டாலையும் இதில் கட்டுவது விற்பனைக்கு வைப்பவருக்குக் கட்டுபடியாகாது. கடைசி வரை வைக்கப்போகும் பத்து இருபது மூட்டைக்கு மட்டும் வாங்கலாம்.

விற்பனைக் கூடக் கிடங்கு

14க்குள் காய்ந்துவிட்டது, பணமும் அவசரம் என்றால் ஷெட்டைப் பற்றி யோசிப்பதே வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் 180 நாள் வரை சரக்கை வைத்து, சந்தை மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்க வழி இருக்கிறது. ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இரண்டு முறை விழும் என்பது உண்மை. அறுவடை உச்சத்தில் இடமும் சட்டென்று நிரம்பிவிடும். ஒடிக்கத் தொடங்கும் முன்பே போய் விசாரித்து வைக்க வேண்டும். ஈரமான சரக்கை அங்கே எடுக்க மாட்டார்கள், எனவே காயவைக்கும் வேலையிலிருந்து இது தப்பிக்க வைக்காது.

வைத்தால் கட்டுமா?

2025-26க்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அதையே இன்றைய விலையாக வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 18 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ, 13க்குக் காய்ந்தால் 94 கிலோ சொச்சம்தான் நிற்கும். வியாபாரி இன்று ஈரத்துக்காக எதுவும் பிடிக்காமல் 2,400க்கு எடுத்துக்கொள்கிறார் என்றால், காய்ந்த மணிக்கு 2,546 கிடைத்தால்தான் போட்ட இடத்துக்கே வருகிறோம். மாதம் 100க்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் குவிண்டாலுக்கு மாதம் 24 ரூபாய். சாக்கு, ஆள்கூலி, வண்டு தின்பது தனி. இரண்டு மாதத்தில் 250 ரூபாயாவது ஏறும் என்ற நம்பிக்கை இல்லையென்றால், ஈரக் கழிவு கேட்காத வியாபாரி வாசலுக்கு வந்தால், கொடுத்துவிடுவதே நல்லது. ஈரத்துக்கு ஐந்தாறு கிலோ கழிவு கேட்கிறார் என்றால் கணக்கு திரும்பிவிடும். காயவைப்பதற்குக் கூலி அங்கேயே கிடைக்கிறது.

ஒரே வழியில் எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்றும் இல்லை. மூன்று ஏக்கரில் முதலில் ஒடித்த ஈரக் கதிரைப் பட்டறையிலும், கடைசியில் செடியிலேயே காய்ந்து வந்ததை அடித்து நேராக மூட்டையிலும் வைப்பதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்தது போன்ற மழை வந்தால் இந்தப் பிரிவினை இன்னும் முக்கியம். நனைந்ததையும் நனையாததையும் ஒரே குவியலில் போட்டால் எல்லாமே நனைந்த சரக்காகிவிடும்.

எந்த வழியானாலும் ஷெட்டில் உரமூட்டை, பூச்சிமருந்து, டீசல் கேன் எதுவும் கூட இருக்கக் கூடாது. மாட்டைப் பக்கத்தில் கட்டினால் மூச்சும் மூத்திரமும் சேர்ந்து ராத்திரியில் காற்றே ஈரமாகிவிடும். போன வருஷத்து நெல், சோளச் சிதறலை மூலையில் விட்டுவைத்தால் வண்டை அங்கேயே வளர்த்துக் கொடுத்தது போலாகும்.

வாரம் ஒருமுறை ஆறடி இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, கால் மணி நேரம் விட்டு உருவி, கம்பியை நுனியிலிருந்து மேலாகக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் மற்ற இடத்தைவிடச் சூடு தெரிந்தால் அந்த ஆழத்தில் புழுங்கிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பிரித்துப் பரப்ப வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் ஒரு கூடை போகவேண்டிய இடத்தில் ஒரு வண்டி போகும்.

பிரித்ததில் பச்சை மஞ்சள் நிறத்தில் தூள் பறக்கும் மணி இருந்தால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தனியே அள்ளுங்கள். நல்ல மணியோடு கலந்து ஓட்டிவிடலாம் என்று பார்த்தால், அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சுக்கான சோதனையில் மொத்த லோடும் திரும்பும். கழுவினாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கோழிக்கு வைத்தால் ஈரல் கெடும். கறவை மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும், அந்தப் பாலை வீட்டுக் குழந்தைதான் குடிக்கும். மாடு, கோழி கிளற முடியாத இடமாகப் பார்த்துக் குழி வெட்டி மூடிவிடுங்கள்.